பந்தியில் விட்டுப்போன தட்டு

மாதப் பிறப்பன்று வெள்ளைக்காரச் சீமையின் சவுத்தால் குருத்வாராவில் சாப்பிட வருகிற கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். வெளியே நவம்பர் மழை. உள்ளே பருப்பு வாசனையோடு ஈரக் கம்பளி வாசனை. நீள விரிப்புகளில் சனங்கள் வரிசை வரிசையாகச் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நசீப் கவுர் ரொட்டிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குனிந்து குனிந்து போட்டுக்கொண்டு வந்தாள். அங்கே ரொட்டியைத் தட்டில் போடுவதில்லை. இரண்டு கையையும் சேர்த்து ஏந்துகிறவர் கையில்தான் போட வேண்டும். யார் கையென்று பார்க்கக் கூடாது. ராஜாவே வந்தாலும் அதே தரை, அதே பந்தி.

நசீப்புக்குத் தொண்டை கட்டியிருந்தது. பின்னே, தீபாவளிக்கு முன்பிருந்து கால்வாய்க்கரைச் சலவை ஆலையின் வாசலில் நின்று கோஷம் போட்டால் கட்டாமல் என்ன செய்யும்? ஆஸ்பத்திரிப் போர்வைகளை வெளுக்கிற அந்த ஆலையில், பெண்கள் கழிப்பறைக்குப் போவதற்குக்கூட மேஸ்திரியைப் பார்த்துக் கை தூக்கி நிற்க வேண்டும் என்று புதிதாக ஓர் உத்தரவு வந்தது. "நாங்க என்ன பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களா?" என்று முதலில் கத்தியவள் நசீப்தான். அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவளுக்காக மற்ற பெண்கள் மெஷினை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து வாசலில் நிற்கிறவர்களுக்கு மதியச் சாப்பாடு இந்தச் சமையலறையிலிருந்துதான் வேனில் போகிறது. அந்த வேன் மட்டும் வந்திராவிட்டால் பாதிப் பேர் எப்போதோ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே திரும்பியிருப்பார்கள். இது நசீப்புக்குத் தெரியும். ஆலை மேனேஜருக்கும் தெரியும்.

வரிசையின் கடைசிக்கு வந்தபோதுதான் பார்த்தாள். மூன்று கருங்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஜீத்தோ. நசீப்பின் சொந்த அண்ணன் பெண்டாட்டி. குளிர் தாங்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போன வாரம் வேலைக்குத் திரும்பியவள். அடுத்து பர்காஷோ. அவளும் போன வாரம்தான் திரும்பினாள். அதற்கடுத்து கர்னைல் சிங், ஆலையின் லாரி டிரைவர். ஒரு நாள்கூட வெளியே வந்து நிற்காத ஆசாமி. தினமும் காலையில் ஹாரனை அடித்துக்கொண்டு பெண்கள் நடுவே லாரியை விடுகிறவன்.

நசீப் ஜீத்தோ கையில் ரொட்டியை வீசாத குறையாகப் போட்டாள்.

"பாத்து முழுங்கு பாபி. தொண்டையில மாட்டிக்கப்போவுது."

"மாட்டினா நீதான் இருக்கியே, முதுகுல தட்டிவிட" என்று அண்ணி சிரித்தாள். "இன்னொண்ணு போடு. இது அப்பளம் மாதிரி இருக்கு."

இன்னொன்றும் போட்டாள். அடுத்து, ஏந்திய பர்காஷோவின் கைகள். நசீப் கூடையை நிமிர்த்திக்கொண்டு ஓர் எட்டு நகர்ந்து கர்னைல் கையில் ரொட்டியை வைத்தாள்.

பர்காஷோ கையை இறக்கவில்லை. மறந்துவிட்டாள்போல, திரும்பி வருவாள் என்று முதலில் நினைத்திருக்க வேண்டும். நசீப் வரிசையின் முனையில் திரும்பி அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். பருப்பு வாளியோடு வந்த பெரியவர் நின்று பார்த்தார். எதிர் வரிசையில் பேச்சு நின்றது. வெறுங்கையை நீட்டிக்கொண்டு ஒரு மனுஷி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியும்? பர்காஷோ கையை மடியில் துடைத்துக்கொண்டாள். விரல் படாத தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்து போனாள்.

அன்று மாலையே அஜாயிப் சிங் நசீப்பைக் கூப்பிட்டனுப்பினார். குருத்வாராவின் பிரதான், அதாவது தலைவர் அவர். பஸ் டிப்போவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கமிட்டியில் பாதிப் பேர் முகத்தைச் சுளித்தபோதும், "பசிக்கிறவங்களுக்குச் சோறு போடக் கமிட்டி எதுக்கு?" என்று சொல்லி வேனை அனுப்பியவர். அதனால் நசீப்புக்கு அவரிடம் மரியாதை உண்டு.

"உக்காரு பீபி. பந்தியில ஒரு ஆளைத் தாண்டிட்டியாமே?"

"கருங்காலி, பிரதான்ஜி. நாங்க மழையில நனையிறோம், அவ உள்ள போயி எங்க வேலையைச் செய்றா. அவ கையில எப்படிப் போடச் சொல்றீங்க?"

"குரு வீட்டு ரொட்டி உங்க வீட்டு ரொட்டி இல்லம்மா. கொலைகாரன் வந்து உக்காந்தாலும் போட்டுத்தான் ஆவணும். நான் சொல்லியா உனக்குத் தெரியணும்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "ரவிதாஸ் கோயில்லேருந்து நாலு பேர் வந்து உக்காந்துட்டுப் போனாங்க. சாதி பாத்துத்தான் தாண்டினாங்கறாங்க."

பர்காஷோ ரவிதாசிக் குடும்பத்துப் பெண். ஜலந்தர் பக்கத்துக் கிராமத்தில் அவள் பாட்டனார் தோல் பதனிட்டுச் செருப்புத் தைத்தவர். நசீப்பின் பாட்டனார் நிலம் வைத்திருந்த ஜாட் சாதிக்காரர். நசீப்புக்கு முகம் சிவந்துவிட்டது.

"நானா? நானா சாதி பாக்குறவ? எங்ககூட வாசல்ல நிக்கிறதுல பாதி அவங்க பொம்பளைங்கதான். கேட்டுப் பாருங்க!"

"கேக்க வேண்டியது நான் இல்லே. பந்தியை உடைச்சவங்க வாசலுக்குப் பந்திச் சாப்பாடு எப்படிப் போகும்னு கமிட்டியில கேக்கறாங்க. எங்கிட்ட பதில் கிடையாது. ஞாயித்துக்கிழமை சபைக்கு முன்னாடி வந்து நில்லு. ஏன் செஞ்சேன்னு சொல்லி மன்னிப்புக் கேளு. சபை பொறுக்கி எடுக்கிற அஞ்சு பேர் என்ன சேவை விதிக்கிறாங்களோ அதைச் செய். மாட்டேன்னா திங்கக்கிழமையிலேருந்து வேன் வராது. அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்லே."

நசீப் நேராகப் போனது தொழிலாளர் சங்கத்துச் செயலாளர் தர்ஸேமிடம். மனுஷர் பழைய கம்யூனிஸ்டு. கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். ஆனால் குருத்வாரா வேன் வந்து நின்றதும் தட்டோடு முதலில் நிற்பவர் அவர்தான். அதை யாராவது கிண்டல் செய்தால், "பருப்புக்கு மதம் கிடையாது" என்பார். அன்று அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"சொல்லிடு. கருங்காலிங்கற கோவம், புத்தி தடுமாறிடுச்சு, மன்னிச்சுடுங்கன்னு சொல்லு. ஸ்ட்ரைக் கோவம்னா அத்தனை பேருக்கும் புரியும். சாதிங்கற பேச்சு மட்டும் உன் வாயில வரக்கூடாது. அந்த வார்த்தை சபையில விழுந்துச்சோ, திங்கக்கிழமை வாசல்ல ரெண்டு கும்பல் நிக்கும். மேனேஜர் அதுக்குத்தான் நாக்கைத் தொங்கப்போட்டுட்டுக் காத்திருக்கான்."

"உண்மையும் அதுதானே தோழர்? கோவம்தானே?"

"அப்புறம் என்ன கஷ்டம்? உண்மையைச் சொல்லிட்டு வா."

கஷ்டமே இல்லை என்றுதான் நசீப்பும் நினைத்தாள். வெள்ளிக்கிழமை முழுக்க வாசலில் நிற்கும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கோவம், புத்தி தடுமாறிவிட்டது, மன்னியுங்கள். நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஜீத்தோ வந்தாள். அண்ணன் வீடு அடுத்த தெருதான். ஒரு பாத்திரத்தில் கடுகுக்கீரை மசியலைக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்தாள். கோபமெல்லாம் கீரைக்கு முன்னால் நிற்குமா? நசீப் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே மக்காச்சோள மாவு பிசைந்தாள்.

"நாளைக்குப் பெரிய நாடகமாமே?" என்றாள் ஜீத்தோ, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

"உனக்கென்ன, உள்ள உக்காந்து ஹீட்டர்ல குளிர் காயிறவ."

"காயிறேன். இல்லேங்கலே. மூட்டு வலிக்குது, போயிட்டேன். வெட்கமாத்தான் இருக்கு, போதுமா?" ஜீத்தோ கீரையிலிருந்து ஒரு மிளகாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "அது சரி நசீபோ, எனக்கு ஒண்ணு சொல்லு. நானும் பர்காஷோவும் ஒரே நாள், ஒரே பஸ்ஸுல உள்ள போனோம். எனக்கு ரெண்டு ரொட்டி போட்டே. அவளுக்கு ஒண்ணுகூட இல்லே. நான் என்ன மட்டமான கருங்காலியா? என்னையும் தாண்டியிருக்க வேண்டியதுதானே?"

"நீ எங்கண்ணன் பொண்டாட்டி. உன்னைத் தாண்டினா அண்ணன் வந்து வாசல்ல நிப்பான்."

"சரி, நான் அண்ணன் பொண்டாட்டி. கர்னைல் யாரு? உன் மச்சானா? உன் கால்ல லாரியை ஏத்தப் பாத்தவன் அவன். அவனுக்கு நல்லாச் சிவந்த ரொட்டியாப் பாத்து எடுத்து வச்சே. நான்தான் பக்கத்துல உக்காந்து பாத்தேனே!"

ஜீத்தோ சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நாத்தனாரைச் சீண்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. மாவு பிசைந்துகொண்டிருந்த நசீப்பின் கை அப்படியே நின்றது.

"என்னடி?"

"ஒண்ணுமில்லே. நீ கெளம்பு, அண்ணன் தேடுவான்."

ஜீத்தோ போன பிறகு அவள் கல்லை அடுப்பில் வைக்கவில்லை. மாவை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த நிமிஷத்தை மறுபடி மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஜீத்தோவிடம் கோபம் இருந்தது, ஆனாலும் கை போட்டது. கர்னைலிடம் கொலைவெறியே இருந்தது, ஆனாலும் கை வைத்தது. இரண்டு பேரும் ஜாட். நடுவில் ஒருத்தியிடம் மட்டும் கை யாரையும் கேட்காமல் நிமிர்ந்துகொண்டது. யோசித்துச் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. யோசிக்கவே இல்லை. தரையில் கிடக்கும் ஈரத்துணியைத் தாண்டுவதுபோலத் தாண்டியிருந்தாள்.

அதோடு விட்டதா? வாசலில் பீப்பாய் நெருப்பின்மேல் கொதிக்கிற டீ நினைவுக்கு வந்தது. வேலைநிறுத்தம் தொடங்கிய வாரம் ஸ்டீல் டம்ளர்கள் கைமாறிக் கைமாறிப் போய்வந்தன. இரண்டு நாளில் சில ஜாட் பெண்கள், "எனக்கு டீ வேணாம், வயிறு சரியில்லே" என்று சொல்லத் தொடங்கினார்கள். யாரும் வேறு எதுவும் சொல்லவில்லை. நசீப்தான் மொத்தக்கடைக்குப் போய்க் காகிதக் கப்புகள் வாங்கிவந்தாள். டம்ளர் பற்றவில்லை என்று சொன்னாள். தனக்குத்தானேயும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். அடுத்த நாளிலிருந்து பர்காஷோவுக்கும் அவள் ஆட்களுக்கும் கப். மற்றவர்களுக்கு டம்ளர். எல்லோருக்கும் வயிறு சரியாகிவிட்டது. எப்படி ஒரே நாளில் அத்தனை வயிறும் சரியானது என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

அடிப்பாவி என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். பர்காஷோ உள்ளே திரும்பியது கப்பு வந்த பிறகுதான்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. இடதுபக்கம் பெண்கள், வலதுபக்கம் ஆண்கள். பின்னால் தூணோரம் தர்ஸேம். தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, கோயிலுக்குள் வந்துவிட்ட சங்கடத்தோடு நின்றார். பெண்கள் பக்கத்துக் கடைசியில் பர்காஷோ, கம்பளிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நசீப் துப்பட்டாவால் தலையை மூடிக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, கை கூப்பி முன்னால் வந்து நின்றாள்.

"மாதப் பிறப்பன்னிக்குப் பந்தியில பர்காஷோ கையில நான் ரொட்டி போடலே. குரு வீட்டுப் பந்தியை உடைச்சேன்."

"கோவத்துல செஞ்சுட்டே" என்று அஜாயிப் சிங் எடுத்துக்கொடுத்தார். "ஸ்ட்ரைக் கோவம். அப்படித்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேன் வரும். பெண்கள் நிற்பார்கள். தூணோரம் தர்ஸேம் லேசாகத் தலையாட்டினார். நசீப்பின் கண் கடைசி வரிசைக்குப் போனது. பர்காஷோ அவளைப் பார்க்கவில்லை. தன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லே பிரதான்ஜி. கோவம்னா மூணு பேரையும் தாண்டியிருக்கணும். எங்க அண்ணி கையில போட்டேன். கர்னைல் கையில போட்டேன். நடுவுல இவளை மட்டும் தாண்டினேன். இவ ரவிதாசி, அதனால."

கூடம் சலசலத்தது. ஆண்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்து நின்றார். அஜாயிப் சிங் கையை உயர்த்தினார்.

"பீபி, அந்தப் பேச்சு இங்க வேணாம். குரு வீட்ல சாதி கிடையாது."

"இல்லேன்னா நான் எதைப் பாத்துத் தாண்டினேன், பிரதான்ஜி?"

நசீப்புக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் விடவில்லை. கப்பு வாங்கின கதையையும் சொன்னாள். டீ வேண்டாம் என்று சொன்னவர்கள் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர்களே தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனாள்.

ஐந்து பேர் கூடிப் பேசித் தீர்ப்புச் சொன்னார்கள். அடுத்த மாதப் பிறப்பு வரைக்கும் தினமும் மாலை செருப்பறையில் சேவை. வருகிறவர்களின் செருப்பைக் கையில் வாங்கித் துடைத்து வைக்க வேண்டும். அதுவரை ரொட்டிக்கூடையைத் தொடக் கூடாது. வேன் போகும், ஒத்துக்கொண்டவர்களின் சாப்பாட்டை நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை.

வெளியே வந்ததும் தர்ஸேம் பிடித்துக்கொண்டார். "வேனைக் காப்பாத்திட்டே. ஸ்ட்ரைக்கை நீயே ரெண்டாக் கிழிச்சுட்டே. நாளைக்கு யாரு வருவா, சொல்லு?"

"கிழிஞ்சுதான் இருந்துச்சு தோழர். நான் கப்பை வச்சு மறைச்சிருந்தேன்."

அவர் தலையிலிருந்த கைக்குட்டையை உருவிப் பையில் திணித்துக்கொண்டு போய்விட்டார். நாளைக்கு யார் வருவார்கள் என்று அவளுக்கும்தான் தெரியவில்லை. பயமாக இருந்தது.

அன்று மாலையே செருப்பறையில் உட்கார்ந்தாள். நுழைவாசலை ஒட்டிய சின்ன அறை, மரத்தட்டுகள், ஈரத் தோல் வாசனை. சனங்கள் செருப்பை நீட்டினார்கள். சிலர் கூச்சத்தோடு, "விடுங்க பெஹன்ஜி, நானே வச்சுக்கறேன்" என்றார்கள். கர்னைல் சிங் இரண்டு பூட்ஸையும் வேண்டுமென்றே தரையில் போட்டுவிட்டுப் போனான். அவள் எடுத்துத் துடைத்தாள். துணி கறுத்தது, விரல் நகத்துக்குள் சேறு ஏறியது. தலைமுறை தலைமுறையாக வீட்டில் யாரும் தோலைத் தொட்டதில்லை என்று பெருமை பேசுகிற குடும்பம் அவளுடையது. அந்தப் பெருமையோடுதான் இத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே அடுத்த ஜோடியைக் கையில் எடுத்தாள்.

கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு ஜோடிப் பழைய பூட்ஸ் வந்து நின்றது. கழற்றவில்லை, காலோடுதான் நின்றது. நசீப் நிமிர்ந்து பார்த்தாள். பர்காஷோ.

பர்காஷோ அறையைச் சுற்றிப் பார்த்தாள். தட்டுகளில் அடுக்கியிருந்த செருப்புகளை, நசீப்பின் கறுத்த கையை, மடியில் கிடந்த துணியை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "எங்க தாத்தா செஞ்சா சாதி. நீ செஞ்சா சேவை."

நசீப் தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் ஒன்றுமில்லாமல் போயின.

"ஆமா" என்றாள்.

"உள்ள ஏன் போனேன்னு ஒரு நாளாவது வந்து கேட்டியா? கருங்காலி, கருங்காலின்னு வாசல்லேருந்து கத்தத் தெரிஞ்சுதே, கேக்கத் தெரிஞ்சுதா? உள்ள அந்த வெள்ளக்காரி மேஸ்திரி இருக்காளே, கழிப்பறைக்குக் கை தூக்கச் சொல்றவ, அவ எனக்கும் ஜீத்தோவுக்கும் ஒரே மாதிரிக் கோப்பையிலதான் டீ ஊத்துறா. வெளிய என்கூட நிக்கிற தங்கச்சிமாருங்க எனக்குக் காகிதத்துல ஊத்துனீங்க." அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "மழையில உங்களைவிட மொதல்ல வந்து நின்னவ நான். ஞாபகமிருக்கா?"

"இருக்கு."

"அது போதும். ஞாபகமாவது இருக்கே."

பர்காஷோ எதிரிலிருந்த மரப்பலகையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறுகளை அவிழ்த்தாள். நசீப் மெதுவாகக் கேட்டாள். "நாளைக்கு வாசலுக்கு வருவியா?"

"டீயை எதுல ஊத்துவே?"

"கப்பையெல்லாம் மத்தியானமே நெருப்புல போட்டுட்டேன். டம்ளர்லதான்."

"எந்த டம்ளர்? எனக்குன்னு தனியா ஒண்ணு வாங்கி வச்சிருக்கியா?"

"என் டம்ளர்."

"நான் குடிச்சுட்டு வைக்கிறேன்னு வை. அடுத்து அதுல யாரு குடிப்பா?"

"நான் குடிப்பேன். வேற யாரு குடிப்பாங்கன்னு தெரியாது. நாலு பேர் நாளைக்கு வரமாட்டாங்கன்னு சொல்லியனுப்பிட்டாங்க. நீயும் நானும் மட்டும்தான் நிப்போமோ என்னவோ."

பர்காஷோ கழற்றிய பூட்ஸைத் தட்டில் வைக்காமல், இரண்டு கைகளாலும் ஏந்தி நசீப்பின் முன்னால் நீட்டினாள். பந்தியில் நீட்டிய அதே கைகள். நசீப் தன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். கால்வாய்க்கரைச் சேறு அடியில் அப்பியிருந்தது. அந்தச் சேறு அவளுக்கு நன்றாகத் தெரியும், அவள் செருப்பிலும் அதே சேறுதான். துணியை வாளியில் நனைத்துப் பிழிந்து துடைத்தாள். நீட்டினாள்.

பர்காஷோ வாங்கித் திருப்பிப் பார்த்தாள். திரும்பக் கொடுத்தாள்.

"இடது கால்ல குதிகாலுக்குக் கீழே இன்னும் இருக்கு. நல்லாத் தொடை. காலையில வாசல்ல போட்டுக்கிட்டு நிக்கணும்ல."

நசீப் துணியை மறுபடி நனைத்தாள்.